உப்பளத்துக் கண்ணுக்குப் பனிக்குடச் சவ்வு

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் என் சித்திக்கு ரெண்டு வருடமாகக் கண் காந்தல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், கூடவே தண்ணீர் தாரையாகக் கொட்டும். "இம்புட்டுத் தண்ணி வருது, இதப் போயி கண் வறட்சிங்கிறாகளே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கருவிழிமேல் ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் தடிமனில் விரிந்திருக்கும் படலம் அது. அடியில் ஒட்டிப் பிடிக்க வழவழப்பான மியூசின், நடுவில் உப்பும் புரதமும் கலந்த நீர், மேலே இமையோரச் சுரப்பிகள் விடும் எண்ணெய். எண்ணெய் குறைந்து, காற்றும் விடாமல் அடித்தால் நீர் ஆவியாகும், உப்பு செறியும். பாத்தியில் கட்டிய கடல்நீருக்கு வெயிலில் என்ன நடக்கிறதோ அதேதான். செறிந்த உப்பு கருவிழியின் மேல்தோல் செல்களை வாட்டும், அழற்சி கிளம்பும், அந்த அழற்சி மியூசின் சுரக்கும் செல்களையும் கருவிழி நரம்புகளையும் கெடுக்கும், மியூசின் போன இடத்தில் கண்ணீர் ஒட்டாது, அதனால் இன்னும் சீக்கிரம் காயும். எரிச்சல் தாங்காமல் கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகக் கொட்டுவதுதான் சித்தி பார்த்த தாரை. அது கன்னத்தில் வழிந்து போகும், கருவிழியில் நிற்காது.

பெரும்பாலானவர்களுக்குச் சொட்டு மருந்து, இமைக்கு வெந்நீர் ஒத்தடம், தேவைப்பட்டால் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, இதுவே போதும். (தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள், கிருமி தொற்றினால் பார்வையே போகலாம்.) சித்திக்கு அது போதவில்லை. மதுரையில் டாக்டர் ஆரஞ்சுச் சாயம் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார். 10 வினாடியாவது உடையாமல் நிற்க வேண்டிய கண்ணீர்ப் படலம் மூன்றே வினாடியில் கிழிந்தது, கருவிழி முழுக்கப் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் தோல் உரிந்த இடம். இந்தக் கட்டத்தில்தான் பனிக்குடச் சவ்வைப் பற்றிப் பேசினார்.

பிரசவ நேரத்தில் "பனிக்குடம் உடைஞ்சிருச்சு" என்கிறோமே, அந்தக் குடத்தின் உள்பக்கச் சவ்வுதான் இது. அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு வரும் தோல் மாதிரி மெல்லியது, ரத்தக் குழாய் கிடையாது. தாயின் உடம்பு குழந்தையை அந்நியமாகப் பார்த்துத் தாக்காமல் இருக்க வேண்டிய எல்லையில் இருப்பதால், அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் இதில் நிறைய. ஹயலுரோனிக் அமிலத்தோடு புரதங்கள் பிணைந்த ஒரு கூட்டுப்பொருள், சண்டைக்கு வந்த வெள்ளணுக்களை அடக்கிக் காயம் ஆற்றும் பக்கம் திருப்புகிறது. தழும்பு உண்டாக்கும் சமிக்ஞையையும் தடுக்கிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி, தோல் வளர்ச்சிக் காரணி இரண்டும் இதில் உண்டு. அதன் அடித்தள அடுக்குமேல் புதுச் செல்கள் தளம் கிடைத்த மாதிரி ஊர்ந்து பரவும். சொட்டு மருந்து பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறது என்றால், சவ்வு பாத்தியின் தரையையே சரி பண்ணுகிறது. என் பார்வையில் இதன் மதிப்பே அதுதான்.

1940ல் டி ராத் என்பவர் கண்ணில் முயன்றார், பெரிய வெற்றியில்லை. 1995ல் கிம், செங் இருவரும் பதப்படுத்திய சவ்வை முயலின் கருவிழியில் வைத்து ஆற்றிக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று, சிசேரியனில் பிறந்த குழந்தையின் நஞ்சுக்கொடியிலிருந்து, தாயின் சம்மதத்தோடு, எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் எல்லாம் சோதித்துத்தான் எடுக்கிறார்கள். மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பது ஒரு வழி, உலர்த்தி வைப்பது இன்னொன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988லிருந்து திசுக்களை இப்படி உலர்த்திக் காமாக் கதிர் பாய்ச்சித் தருகிறது.

வைப்பது சுலபம், தையல் வேண்டாம். மரத்துப் போகச் சொட்டு விட்டு, வளையத்தில் இழுத்துக் கட்டிய சவ்வை காண்டாக்ட் லென்ஸ் மாதிரி இமைக்கு அடியில் நுழைப்பார்கள். உலர்ந்த வகை என்றால் கருவிழிமேல் வைத்து லென்ஸால் மூடுவார்கள். அந்த நாட்களில் பார்வை மங்கும், வளையம் உறுத்தும், அதனால் ஒரு நேரத்தில் ஒரு கண்தான். 2018ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 84 பேருக்குச் சராசரியாக 5 நாள் வைத்திருந்தார்கள், மூன்று மாதம் கழித்தும் தொந்தரவு குறைவாகவே இருந்தது. ஆனால் பழைய மருத்துவக் குறிப்புகளை வைத்துச் செய்த ஆய்வு அது, ஒப்பிட வேறு குழு கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இமைச் சுரப்பி அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் வறட்சி திரும்பி வரும்.

ஐந்தாம் நாள் சித்திக்கு வளையத்தை எடுத்தபோது சவ்வு பெரும்பாலும் கரைந்திருந்தது. மறுபடி சாயம் தொட்டார்கள். ஓரத்தில் நாலைந்து பச்சைப் புள்ளிதான். "யாரு பெத்த பிள்ளையோடதோ" என்றார் சித்தி, பஸ்ஸில் ராமநாதபுரம் வரைக்கும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். இப்போது பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போட்டுக்கொண்டு பாத்திக்குப் போகிறார், ராத்திரி இமைக்கு ஒத்தடம் கொடுக்க மறப்பதில்லை.