மூச்சைப் பிடித்துக்கொண்டே ஒரு நாள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு பட்டறையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், கழுத்து வலி, நெஞ்சு படபடப்பு என்று வந்தார். இசிஜி, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருந்தன. "அப்போ எனக்கு என்னதாங்க டாக்டர்?" என்றார்.

வேலை செய்வதுபோல் கையை வைத்துக் காட்டச் சொன்னேன். குனிந்தார். இல்லாத வளையத்தை இல்லாத கொக்கியில் மாட்டினார். அவ்வளவு நேரமும் மூச்சே விடவில்லை. கேட்டால், "கை ஆடிடக் கூடாதுல்லங்க" என்றார்.

வேலைக்கு அது தேவைதான். ஆனால் குழுக்கடன் தவணையை நினைத்தாலும், மகனின் பள்ளிக் கட்டணத்தை நினைத்தாலும் அவருக்கு அதே மாதிரி மூச்சு நின்றது, தோள் காதுவரை ஏறியது. கவலை வந்தால் நம்மில் பலர் இப்படித்தான். ஆபத்து வந்துவிட்டதாக நினைத்து உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சை நிதானமாக வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வேலை செய்து அந்தத் துடிப்பைக் குறைக்கிறது. அதனால் ஒவ்வொரு கொலுசு முடிந்ததும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடச் சொன்னேன். 5 தடவை போதும், ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

அம்மாபேட்டை தறிக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது டீக்கணக்கு. டீயில் இருக்கும், தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்தால் இரவு 11 மணிக்கும் பாதி உள்ளேதான் இருக்கும். பகல் ஷிப்ட் என்றால் கடைசி டீ 4 மணிக்கு முன்னால் இருக்கட்டும். ஆனால் டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள். தறிச் சத்தத்தை விட்டு வந்து நாலு வார்த்தை பேசிக்கொள்ளும் இடம் அதுதான். சுக்குமல்லி காபி குடித்துக்கொண்டும் பேசலாமே.

அலுப்பு தீரக் குடிக்கிறேன் என்பவர்களுக்கு: மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

"ஏற்காடு போய் வந்தா சரியாயிடும்" என்று பலர் சொல்கிறார்கள். போய் வாருங்கள், நல்லதுதான். ஆனால் வருடத்தில் ஒருநாள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதைவிட, வாரத்தில் 5 நாள் அரை மணி நேரம் மூக்கனேரிக் கரையிலோ உங்கள் தெருவிலோ வேகமாக நடப்பது உடம்புக்கு அதிகம் உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்குப் பரவும் வலி, வியர்வை வந்தால் டென்ஷன் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை என்றாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த அக்கா ஒரு மாதம் கழித்து வந்தார். படபடப்பு குறைந்திருக்கிறதாம். பக்கத்தில் உட்காரும் மாமியாரும் இப்போது எண்ணி மூச்சு விடுகிறாராம். கழுத்து வலி மட்டும் இன்னும் இருக்கிறது. வேலை மேஜைக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்லியிருக்கிறேன்.