கொடுங்கோலன் சுவர் மட்டும் ஏன் உதிர்ந்தது?

ஒரு வாசகரின் கேள்வி: இத்தாலியின் சியேனா நகரில் நல்லாட்சியை ஒரு சுவரிலும் கொடுங்கோலாட்சியை எதிர்ச் சுவரிலும் எழுதியிருக்கிறார்களாமே? ஒரே ஓவியர், ஒரே காலம். நல்லாட்சி இன்றும் நன்றாக இருக்கிறது, கொடுங்கோலாட்சி மட்டும் உதிர்ந்து திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. இது தற்செயல்தானா, இல்லை வேறு ஏதாவதா?

அந்த ‘வேறு ஏதாவது’ ஈரம்தான். கொடுங்கோலாட்சி எழுதிய மேற்குச் சுவர் முன்பு வெளிச்சுவராக இருந்து ஈரம் வாங்கியது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம். அறம் சுவரேறி வந்து கொடுங்கோலனைத் தண்டித்தது என்று நம்ப ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஈரச் சுவரில் புனிதர்கள் உதிர்ந்துபோன தேவாலயங்கள் இத்தாலியில் நிறைய உண்டு. அவர்கள் செய்த பாவம் என்ன?

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். 1287 முதல் 1355 வரை சியேனாவை ஆண்டது ‘ஒன்பதின்மர்’ என்ற குழு. பெரும்பாலும் வணிகர்கள், பணம் கடன் கொடுத்து வாங்குபவர்கள். பழைய பிரபுக் குடும்பங்களுக்கு இதில் இடமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது பேரும் மாறுவார்கள். பதவிக் காலம் முழுக்க நகர மாளிகையிலேயே தங்க வேண்டும். அவர்கள் கூடிப் பேசும் அறையின் மூன்று சுவர்களில் அம்ப்ரோஜோ லொரென்ஸெட்டி 1338, 1339இல் எழுதியதுதான் இந்த ஓவியம். தெற்கில் ஜன்னல், அதற்கு எதிரே வடக்கில் நல்லாட்சியின் உருவகம், கிழக்கில் அதன் பலன்கள், மேற்கில் கொடுங்கோன்மை.

வடக்குச் சுவரில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால் கதை விளங்கிவிடும். நீதியின் தராசுத் தட்டுகளிலிருந்து இரண்டு கயிறுகள் இறங்குகின்றன. கீழே அமர்ந்திருக்கும் ஒற்றுமை என்ற பெண் அவற்றை ஒன்றாக்கிக் குடிமக்களிடம் தருகிறாள். வரிசையாக நிற்கும் 24 குடிமக்கள் கைமாற்றிக்கொண்டு போய், கருப்பு வெள்ளை உடையணிந்த முதியவரின் வலக்கைப் பக்கம் சேர்க்கிறார்கள். கருப்பும் வெள்ளையும் சியேனாவின் நிறங்கள். முதியவர் அரசரல்ல, பொதுநலனின் உருவம். நம்பிக்கையும் விசுவாசமும் அன்பும் அவர் தலைக்கு மேல் பறந்தாலும், சிம்மாசனம் நகரத்துக்குத்தான். ஒற்றுமையின் மடியில் தச்சர் இழைப்புளி இருக்கிறது, மேடுபள்ளத்தைச் சமன்செய்ய. மேற்குச் சுவரில் பிளவு என்ற உருவம் ரம்பத்தால் தன்னையே அறுத்துக்கொள்கிறது. பட்டறையில் வேலை செய்பவனுக்கும் உடனே புரியும் குறியீடு.

கிழக்குச் சுவரில் செருப்புக்கடை, பாடம் நடத்தும் ஆசிரியர், கட்டடத்தின் மேல் கொத்தனார்கள், வாசலுக்கு வெளியே விதைப்பு, அறுவடை, போரடிப்பு எல்லாம் ஒரே நேரத்தில். நகர வாசலுக்கு மேல் பறக்கும் ‘பாதுகாப்பு’ ஒரு கையில் வாசகச் சுருளும் மறு கையில் பிணம் தொங்கும் தூக்குமரமும் வைத்திருக்கிறாள். அச்சமின்றி நடக்கலாம், உழலாம் என்பது சுருளின் சாரம். அந்த அமைதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத் தூக்குமரம் சொல்கிறது. ஒன்பதின்மரின் சுயவிளம்பரம்தான் இது. ஆனாலும் நேர்மையான விளம்பரம் என்பேன்.

இனி சாந்து. இந்த வேதியியலின் பாதியைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள்: தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால்போலக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் ஓவியத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கணக்காகச் சொன்னால், 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு பறந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டு நீற்றினால் 74 கிலோ கால்சியம் ஹைட்ராக்சைடு. இதை மாதக்கணக்கில் குழியில் ஊறவிடுவார்கள். அவசரப்பட்டால் நீறாத கட்டிகள் சுவரில் பூசிய பிறகு நீறி உப்பி, படத்தில் சிறு குழிகளாகத் தெறிக்கும். ஒழுங்காக நீறிய சுண்ணாம்பு சுவருக்குப் போனதும், காளவாயில் போன அந்த 44 கிலோவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மீண்டும் கல்லாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்தத் திரும்ப வாங்கும் கட்டம்தான். சுவரில் முதலில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சொரசொரப்பான பூச்சு. அதன்மேல் சிவப்பு மண்ணால் கோட்டுருவம். பிறகு சில மில்லிமீட்டர் மெல்லிய பூச்சு, அன்று எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும். 1400 வாக்கில் ஓவியக் கையேடு எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, மணல் இரண்டு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு என்கிறார். சுண்ணாம்பு கூடினால் சுருங்கி வெடிக்கும். மணல் கூடினால் பொடியாக உதிரும்.

வண்ணத்தில் பசை கிடையாது, நீரில் குழைத்த பொடி மட்டும். ஈரச் சாந்தில் அதைத் தீட்டியதும் பூச்சின் உள்ளிருக்கும் நீர் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. வரும்போது கரைந்த சுண்ணாம்பையும் கூட்டி வருகிறது, லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நேராகப் பொடியோடு வினைபுரிவதில்லை. துளைச் சுவர்களில் படிந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்துதான் புரிகிறது. ஆகவே நீர் வேண்டும், ஆனால் அதிகமாக வேண்டாம். துளை முழுக்க நீர் நிறைந்திருந்தால் வாயு உள்ளே நுழையாது, ஏனெனில் நீருக்குள் அது பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. வெயிலும் காற்றும் அடித்துப் பூச்சு சடாரென்று காய்ந்தால் வினை பாதியில் நின்று, வண்ணம் விரலில் ஒட்டும் தூளாக மேலே கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மணி நேரம்தான் ஓவியரின் வேலை நேரம்.

இன்னொரு நுட்பம். ஒரு மோல் கால்சியம் ஹைட்ராக்சைடின் பருமன் 33 கன சென்டிமீட்டர்; அது மாறி வரும் கால்சைட்டின், அதாவது கால்சியம் கார்பனேட் படிகத்தின், பருமன் 37. திண்மம் சுமார் 12 சதவீதம் பெருக்கிறது, துளைகள் குறுகுகின்றன. மைக்ரான் அளவு வண்ணத்துகள்கள் வளரும் படிகங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன. ஓவியம் சுவரின் மேல் ஒட்டிய தோல் அல்ல, சுவரின் மேற்பரப்பே அதுதான். மேல் அடுக்கு சீக்கிரம் கல்லாகிவிடும்; ஆழத்தில் மாதங்கள், ஆண்டுகள் ஆகும், அந்த மேல் அடுக்கே வாயுவை மறிப்பதால்.

ஈரச் சாந்தின் காரத்தன்மை பிஎச் 12.4. காவி மண், பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை தாங்கும். அசுரைட் என்ற செம்பு நீலத்தைச் சாந்து காய்ந்தபின் முட்டை அல்லது பசை சேர்த்துத்தான் பூசினார்கள். அதனால் இடைக்கால ஓவியங்களில் நீலம் முதலில் உரிகிறது, அல்லது ஈரத்தில் பச்சையாகிறது. ஈய வெள்ளை கருத்துப்போகும். இத்தாலியின் அசிசி நகரத் தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டு ஓவியர் சிமாபுவே எழுதிய உருவங்களில் வெளிச்சமாக இருக்க வேண்டிய முகங்கள் நிழற்பட நெகட்டிவ்போல இருண்டிருப்பதற்கு அதுவே காரணம். ஒரு கருப்பு முகத்தைக் கண்டதும் ‘இது தீமையின் குறியீடு’ என்று எழுதத் தொடங்குபவர்கள் முதலில் அது ஈயமா என்று கேட்பது நல்லது.

நாளொன்றுக்கு ஒரு துண்டாகப் பூசுவதால் சுவரில் நாட்குறிப்பே பதிகிறது. இத்துண்டுகளை ஜொர்னாத்தா என்பார்கள். இன்றைய பூச்சின் விளிம்பு நேற்றைய பூச்சின்மேல் மெல்ல ஏறி உட்காரும். விளக்கைச் சுவருக்கு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அந்த விளிம்பு நிழலாகத் தெரியும். எது மேல், எது கீழ் என்று பார்த்து வரிசையை மீட்கலாம். பொதுவாக மேலிருந்து கீழ், சொட்டு விழுந்து முடித்த வேலை கெடாமலிருக்க. வானம் பெரிய துண்டு, முகம் சிறிய துண்டு. பின்னாளில் ஒட்டுப்போட்ட சாந்தும் இதே முறையில் பிடிபடும்.

இதில்தான் படத்தின் பொருளும் சாந்தும் மோதுகின்றன. வடக்குச் சுவரில் நிதானம் என்ற பெண் கையில் மணற்கடிகாரம். உலகின் மிகப் பழைய மணற்கடிகாரச் சித்திரம், ஆண்டு 1338 என்று பல இடங்களில் படிக்கலாம். ஆனால் அந்த வலப்பகுதி சேதமடைந்து, அதே நூற்றாண்டின் நடுவில் வேறொருவரால் திரும்ப எழுதப்பட்டது என்று கலை வரலாற்றாளர்கள் பலர் கொள்கிறார்கள். அப்படியானால் கடிகாரத்தை வைத்து 1338ஆம் ஆண்டின் ஆட்சியாளர்கள் நேரத்தைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று வாதம் கட்ட முடியாது. பல கட்டுரைகள் கட்டியிருக்கின்றன.

ஈரத்துக்கு வருவோம். செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள சல்ஃபேட், பிற்காலத்தில் நிலக்கரிப் புகையிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடு, இரண்டும் நீரோடு சேர்ந்து கால்சைட்டை ஜிப்சமாக்கும். நம் வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதும் இதுபோன்ற உப்புகளால்தான். கால்சைட்டைவிட ஜிப்சம் நூறு மடங்குக்கு மேல் நீரில் கரையும். அதன் மோல் பருமன் 37க்குப் பதில் 74. ஒவ்வொரு முறை சுவர் நனையும்போதும் கரைந்து, காயும்போது வண்ண அடுக்குக்குச் சற்றுக் கீழே மறுபடி படிகமாகி, இருமடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் வண்ணத்தை வெளியே தள்ளும். ஈரம் வருவதை நிறுத்தாமல் மேலே பசை பூசி ‘காப்பாற்றுவது’ இன்னும் மோசம்: உப்பு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே படிகமாகி ஓவியத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

1966இல் ஆர்னோ நதி ஃப்ளாரன்ஸை மூழ்கடித்தபின் வேதியியலாளர் என்ஸோ ஃபெரோனியும் ஓவியப் பராமரிப்பாளர் டினோ டினியும் ஒரு வழி கண்டார்கள். காகிதக் கூழில் அம்மோனியம் கார்பனேட் கரைசலை ஊறவைத்துச் சுவரில் பத்துப்போட்டால் ஜிப்சம் மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகும், அம்மோனியம் சல்ஃபேட் மிஞ்சும். அடுத்து பேரியம் ஹைட்ராக்சைடு பத்து: சல்ஃபேட், நீரில் கரையாத பேரியம் சல்ஃபேட்டாக அடங்கிவிடும், அம்மோனியா பறந்துவிடும். மிஞ்சிய பேரியம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிப் பேரியம் கார்பனேட்டாகித் தளர்ந்த சாந்தை இறுக்கும். ஃபெரோனியின் துறை கூழ்மங்களும் மேற்பரப்புகளும் பற்றிய அடிப்படை வேதியியல். இதனால் என்ன பயன் என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் இன்றைய நிதி விண்ணப்பப் படிவங்களில் அப்படிப்பட்ட ஆராய்ச்சி தேறுமா என்பது எனக்குச் சந்தேகம். அவருக்குப் பின் ஃப்ளாரன்ஸ் ஆய்வகத்தில் நானோ அளவுச் சுண்ணாம்புத் துகள்களை ஆல்கஹாலில் கலந்து சாந்துக்குள் செலுத்தும் முறையும் வந்தது. புதுப் பொருள் எதையும் திணிக்காமல், சுவருக்குச் சுவரின் பொருளையே கொடுக்கும் வைத்தியம்.

எல்லாச் சுவருக்கும் இது பொருந்தாது. அம்மோனியா செம்பைக் கரைக்கும். அசுரைட் நீலமோ மாலகைட் பச்சையோ உள்ள இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்துப்போட்டால் நிறமே கழன்று கூழோடு வந்துவிடும். பேரியத்தைப் பிறகு வெளியே எடுக்கவும் வழியில்லை. எந்த இடத்தில் என்ன நிறம், எந்தச் சாந்து முதலாவது, எது ஒட்டு என்று வரைபடம் போட்டு, ஈரம் வரும் வழியை அடைத்து, மூலையில் ஒரு சிறு சதுரத்தில் சோதித்த பிறகே பத்து சுவருக்குப் போகும்.