ஸ்கேல்: குழந்தைக்கு வாங்கும் முதல் ரயிலின் அளவைச் சொல்லும் சொல்

மாடல் ரயில் விற்கும் பெட்டிகளின் மேல் ‘எச்ஓ 1:87’, ‘என் 1:160’, ‘ஜி 1:22.5’ என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். பிள்ளைக்கு முதல் ரயில் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையையும் படத்தையும் பார்த்துவிட்டு இந்த எண்ணைக் கடந்துவிடுகிறார்கள். வண்டி பிஞ்சு விரல்களுக்கு அடங்குமா, ஒவ்வொரு வளைவிலும் தடம் புரண்டு அழவைக்குமா, வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய உறுப்புகள் அதில் உண்டா, வீட்டுத் தரையில் அது சுற்றிவர இடம் போதுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அந்த எண்ணில்தான் விடை இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பெயர் ஸ்கேல்.

நிஜப் பொருளின் நீளத்தை எத்தனையில் ஒரு பங்காகக் குறுக்கியிருக்கிறார்கள் என்பதே ஸ்கேல். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவான பழைய நீலநிறப் பயணிகள் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் சுமார் 21.3 மீட்டர். 1:87 அளவில் அது 24.5 செ.மீ. ஆகும். 1:160 அளவில் 13.3 செ.மீ. மட்டுமே. 1:22.5 அளவில் செய்தால் ஏறத்தாழ 95 செ.மீ.; நான்கு வயதுக் குழந்தையின் உயரத்தை நெருங்கிவிடும்.

குறுக்குவது நீளத்தை மட்டும் அன்று. அகலமும் உயரமும் அதே பங்கில் குறைகின்றன. அதனால் நீளம் பாதியானால் கன அளவு எட்டில் ஒன்றாகிவிடும். ‘எச்ஓ’ வண்டியையும் ‘என்’ வண்டியையும் ஒரே பொருளில் செய்தால், பின்னது முன்னதன் எடையில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். எடை குறைந்த வண்டி தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்காது. குழந்தையின் சட்டைக்கை பட்டாலே கவிழும். கடையில் அழகாகத் தெரிந்த குட்டி ரயில் வீட்டில் பெட்டிக்குள்ளேயே முடங்கிப் போவதற்கு இதுவே முதல் காரணம்.

சொல்லின் பிறப்பு சுவையானது. இலத்தீன் மொழியில் ‘ஸ்காலா’ என்றால் ஏணி. ஏணியின் படிகள் சம இடைவெளியில் இருப்பதால், சம இடைவெளியில் கோடு கீறிய அளவுகோலுக்கும் அந்தப் பெயர் வந்தது. இசையில் சுரங்கள் படிப்படியாக ஏறும் வரிசைக்கும் வந்தது. பிறகு நிலப்படத்தில் இத்தனை அங்குலம் இத்தனை மைல் என்று காட்டும் கோட்டுக்குப் போய், அங்கிருந்து குறுக்கிய விகிதத்துக்கே பெயராகிவிட்டது. எடை போடும் தராசையும் ஆங்கிலத்தில் இதே ஒலியால்தான் சொல்கிறார்கள். ஆனால் அது வேறு சொல். கிண்ணத்தைக் குறிக்கும் பழைய வட ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது.

ஸ்கேலோடு எப்போதும் சேர்ந்து வந்து குழப்பும் இன்னொரு சொல் கேஜ். இரு தண்டவாளங்களின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தூரம் அது. மீட்டர் கேஜ் பாதைகள் அகல ரயில் பாதைகளாக மாறிய செய்திகளைப் பல ஆண்டுகள் படித்த தமிழ் வாசகருக்கு இந்தச் சொல் பழக்கமானது. நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; இலங்கையிலும் அதே அகலம்தான். ஊட்டி மலை ரயில் 1,000 மி.மீ. அகலப் பாதையில் ஓடுகிறது. கேஜ் என்ற சொல் பழைய பிரெஞ்சில் அளக்கும் கோலைக் குறித்தது. ஆக, சொற்பிறப்பின்படி பார்த்தால் கேஜ்தான் அளவுகோல், ஸ்கேல் ஏணி.

பொம்மை உலகில் கேஜ்தான் முதலில் வந்தது. 1891இல் ஜெர்மனியின் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில், கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலை எட்டு வடிவப் பாதையில் ஓட்டிக் காட்டியது. அதுவரை ஒவ்வொரு தொழிற்சாலையும் தனக்குத் தோன்றிய அகலத்தில் தண்டவாளம் செய்துகொண்டிருந்தது. மெர்க்லின் அகலங்களை வரையறுத்து எண் கொடுத்தது. பொம்மை வீட்டுச் சாமான்கள் செய்து வளர்ந்த நிறுவனம் அது. பொம்மை வீட்டுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு புதிய சாமான் சேர்வது போல, ரயிலுக்கும் இன்னொரு பெட்டி, இன்னொரு வளைவு, ஒரு நிலையம் என்று சேர வேண்டும் என்று நினைத்தார்கள். அடுத்த ஆண்டு வாங்குவது இந்த ஆண்டு வாங்கியதோடு பொருந்தினால்தானே அது நடக்கும்! வியாபாரக் கணக்குதான் என்றாலும், ஒரு குழந்தை தன் ரயிலைத் தானே வளர்த்துக்கொண்டு போகும் வாய்ப்பு அங்கேதான் பிறந்தது.

1ஆம் எண் அகலம் 45 மி.மீ. பிறகு அதைவிடச் சிறியது தேவைப்பட்டபோது எண்கள் கீழே இல்லை. சுழியம் என்று வைத்தார்கள், 32 மி.மீ. 1920இல் ஃபிராங்க் ஹார்ன்பி இங்கிலாந்தில் தொடங்கிய சாவி ரயில்கள் இந்த அகலத்தில் ஓடியவை. ஆங்கிலம் பேசியவர்கள் சுழியத்தை ‘ஓ’ என்ற எழுத்தாகவே படித்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையின் மேல் ஓட்ட இன்னும் சிறியது வேண்டும் என்றபோது சுழியத்தில் பாதி வந்தது. ஜெர்மானியர் இன்றும் அதை ‘ஹா-நுல்’, அதாவது அரைச் சுழியம் என்றே சொல்கிறார்கள். நாம் ‘எச்ஓ’ என்று படிப்பது அதைத்தான். கணக்கில் சுழியத்துக்குப் பாதி கிடையாது. ரயிலில் உண்டு, அது 16.5 மி.மீ. என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், மறக்கவே மாட்டார்கள்.

‘என்’ என்பது 9 மி.மீ. அகலம். ஒன்பதைக் குறிக்கும் ஆங்கில, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் எல்லாமே அந்த எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். 1972இல் மெர்க்லின் 6.5 மி.மீ. பாதையைக் கொண்டுவந்தபோது, இதற்குக் கீழே எதுவும் வராது என்று கடைசி எழுத்தான ‘இசட்’டைச் சூட்டினார்கள். பின்னர் ஜப்பானில் 3 மி.மீ. பாதையே வந்துவிட்டது.

ஸ்கேலும் கேஜும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. நடைமுறையில் எப்போதும் அப்படி இல்லை. பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிட ஒடுக்கமானவை. அக்காலத்து மோட்டார் 1:87 அளவு பிரிட்டிஷ் இன்ஜினுக்குள் நுழையவில்லை. ஆகவே அவர்கள் இன்ஜினை மட்டும் 1:76 ஆகப் பெரிதாக்கி, பாதையை 16.5 மி.மீ. ஆகவே விட்டுவிட்டார்கள். ‘ஓஓ’ எனப்படும் அந்த அளவில் இன்றுவரை வண்டி பெரிது, பாதை ஒடுக்கம். நமக்கும் இதே சிக்கல் உண்டு. நம் அகலப் பாதையை 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல் வருகிறது. இந்திய ரயில்களின் ‘எச்ஓ’ மாடல்களோ 16.5 மி.மீ. பாதையில்தான் ஓடுகின்றன. உலகெங்கும் கிடைக்கும் தண்டவாளத்தோடு பொருந்த வேண்டும் என்பதால் அதைக் குறையாக நான் எண்ணுவதில்லை.

மாறாக, மலை ரயிலுக்கு ஓர் இனிய பொருத்தம் வாய்த்திருக்கிறது. 1968இல் நியூரெம்பெர்க் நகரத்து லேமன் நிறுவனம் எல்ஜிபி என்ற பெயரில் 1:22.5 அளவு ரயிலை வெளியிட்டது. அதன் பாதை அகலம் 45 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,012 மி.மீ.; மீட்டர் கேஜ். மேட்டுப்பாளையம் முதல் உதகை வரை ஓடும் வண்டியை இந்த அளவில் செய்தால் வண்டியும் பாதையும் சரியாகப் பொருந்தும்.

இனி குழந்தைகளிடம் வருவோம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் உறுப்பு எதுவானாலும் அந்த வயதுக்கு ஆபத்து. 175 செ.மீ. உயர மனிதர் ‘எச்ஓ’ அளவில் 20 மி.மீ., ‘என்’ அளவில் 11 மி.மீ. நடைமேடையில் நிற்கும் பொம்மைப் பயணிகள் எல்லோரும் அந்த உருளைக்குள் அடங்கிவிடுவார்கள், சக்கரங்களும் அப்படியே. அந்த வயதுக்கு ஸ்கேல் இல்லாத ரயிலே நல்ல ரயில். சுவீடனின் பிரியோ நிறுவனம் 1958இல் கொண்டுவந்த மர ரயில் அத்தகையது. பள்ளம் வெட்டிய மரத்துண்டுகளே பாதை; காந்தமே கொக்கி; மின்சாரம் வேண்டாம். காந்தம் கழன்றிருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி பாருங்கள். இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுக்கும். அது அறுவை சிகிச்சை வரை போகக்கூடியது.

மர ரயிலில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிவதை வீண் என்று எண்ண வேண்டாம். பாதை ஒரு சுற்றாக முடிய எத்தனை வளைவுகள் வேண்டும், பாயின்ட், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் துண்டு, வைத்தால் வண்டி எங்கே பிரியும், பின்னோக்கித் தள்ளினால் ஏன் பெட்டிகள் கோணிக்கொள்கின்றன என்பதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்தே கற்றுவிடுகிறார்கள். ஏழு, எட்டு வயதில் ‘எச்ஓ’ கொடுக்கலாம் என்பது என் கருத்து. சக்கரத்தைத் தண்டவாளத்தில் சரியாக ஏற்றிவைக்கும் பொறுமையும் விரல் அடக்கமும் அப்போதுதான் வருகின்றன. முதலில் வாங்கும் செட்டுகளில் வரும் வளைவின் ஆரம் 36, 37 செ.மீ. என்பதால் ஒரு மீட்டர் அகலப் பலகை போதும். நுணுக்கம் மிகுந்த மாடல்களின் பெட்டியில் 14 அல்லது 15 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பார்கள்; அதை மதியுங்கள். அவற்றின் கைப்பிடிக் கம்பிகள் தொட்டாலே ஒடிபவை.

ஸ்கேலைக் குழந்தைக்குப் புரியவைக்க மொட்டைமாடி போதும். ‘எச்ஓ’ ரயிலின் ஒரு பயணிகள் பெட்டியின் நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, அதை 87 முறை தரையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டால், நடுவில் இருப்பது நிஜப் பெட்டியின் நீளம். மாடி போதாவிட்டால் தெரு.

தமிழில் இதை எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் ஸ்கேல் என்றால் பள்ளிப் பிள்ளைக்கு நினைவு வருவது கோடு போடும் அளவுகோல். இலங்கையில் அதற்கு அடிமட்டம் என்று பெயர். ஆகவே அளவுகோல் இங்கே உதவாது. நிலப்பட ஸ்கேலைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அளவை என்றும், இலங்கைப் பாடநூல்கள் அளவுத்திட்டம் என்றும் சொல்கின்றன. அளவை பல பொருள் தரும் சொல் என்பதால் அளவுத்திட்டத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். கேஜுக்குப் பாதை அகலம் என்பதைவிடத் தெளிவான சொல் வேண்டியதில்லை.

மாடல் ரயிலை மாதிரி ரயில் என்று எழுதுவது எனக்கு உவப்பாக இல்லை. மாதிரிப் பள்ளி, மாதிரித் தேர்வு என்று பழகிய காதில் அது முன்னுதாரண ரயிலாகவோ ஒத்திகை ரயிலாகவோதான் ஒலிக்கிறது. தமிழ் இதற்கென்றே ஒரு முன்னொட்டை வைத்திருந்தது. குழந்தைகள் மணலில் கட்டும் வீடு சிற்றில், சமைத்து விளையாடுவது சிறுசோறு, கொட்டுவது சிறுபறை, உருட்டுவது சிறுதேர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை இல்லாமல் உருட்டுவது முக்காற் சிறுதேர், அதாவது மூன்று சக்கர வண்டி. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவத்துக்கே சிறுதேர் என்றுதான் பெயர். அந்த வழியில் சிறுரயில் என்று சொன்னால் பொருள் உடனே விளங்குகிறது, குழந்தையின் வாய்க்கும் எளிதாக வருகிறது.

எண்களுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. பழந்தமிழ்க் கணக்கில் 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 160இல் ஒரு பங்கு அரைக்காணி. எல்ஜிபி வண்டி மாவுக்குச் சற்றுச் சிறிது. ‘ஓஓ’வும் ‘எச்ஓ’வும் காணிக்கு இருபுறமும் நிற்கின்றன. ‘என்’ சிறுரயிலோ இம்மியும் பிசகாத அரைக்காணி.