மீட்டர் டிக்கென்றால் மருந்தாகிவிடுமா?

இந்த மாதம் மட்டும் இது மூன்றாவது பாட்டில். சிங்கப்பூர் யீஷூனில் இருக்கும் தெரிந்த அக்கா ஒருவர், மூட்டுவலிக்காரர், செம்பவாங் வெந்நீர் ஊற்றில் பிடித்த தண்ணீரை ஒன்றரை லிட்டர் பாட்டிலில் கொண்டுவந்து என் வீட்டுச் சமையலறையில் வைத்தார். "தம்பி, இதுல ரேடியம் இருக்கான்னு பாருங்க. இருந்தா தினம் ஒரு கிளாஸ் குடிக்கலாம்னு இருக்கேன்."

அவர் மகன் இணையத்தில் வாங்கிய, கதிரியக்கம் அளக்கும் கைகர் மீட்டரும் கூடவே வந்தது. பாட்டில் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக்கென்றது. அதையே என் கருங்கல் மேடைமேல் வைத்தேன், இன்னும் வேகமாக அடித்தது. கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் துளித்துளியாக இருக்கத்தான் செய்யும். "அப்ப இந்த மேடையையும் இடிச்சுக் குடிப்பீங்களாக்கா?" அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிலத்தடி நீர் பார்ப்பது என் பிழைப்பு. சூடும் நாற்றமும் இருந்தால் கதிரியக்கமும் இருக்கும் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! 1909-இல் கண்டுபிடிக்கப்பட்ட செம்பவாங் ஊற்றின் நீர் சுமார் 70 டிகிரி. மழைநீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போய்ச் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான். அந்த வாடை கந்தகத்தின் வாடை. ரேடியம் சிதையும்போது பிறக்கும் கதிரியக்க வாயுதான் ரேடான். அதற்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ரேடான் குளியலுக்குப் பேர்போன ஜெர்மனியின் பாட் பிராம்பாக் ஊற்று குளிர்ந்த நீர்தான். சூட்டைத் தொட்டுப் பார்த்தோ மூக்கை நீட்டியோ ரேடானைப் பிடிக்க முடிந்திருந்தால் எனக்கு எப்போதோ வேலை போயிருக்கும்.

நாங்கள் ரேடானைத் தேடும்போது முதலில் பாறையைப் பார்ப்போம், பிறகு அதன் பிளவுகளை. நீர் எடுப்பதும் ஊற்றின் வாயிலேயே. பாட்டிலை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட நிற்காமல் வழியவிட்டு, உள்ளேயே மூடுவோம். மணி எத்தனை என்று உடனே எழுதிக்கொள்வோம், ஏனென்றால் ரேடான் 3.8 நாளில் பாதியாகிவிடும். குலுக்கினால், கொதிக்கவைத்தால் அதற்கு முன்பே பறந்துவிடும். (ஒரே ஒரு முறை அளந்து முடிவு சொல்கிறவரை நான் நம்புவதில்லை. பெருமழைக்குப் பிறகு அளவு மாறும்.) ரேடான் விடும் ஆல்ஃபா என்ற கதிர்வீச்சுத் துகள் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. பாட்டிலுக்கு வெளியே நீட்டிய மீட்டருக்கு என்ன தெரியும்?

ரேடான் வேறு, ரேடியம் வேறு. ரேடியம் கால்சியத்தைப் போல எலும்பில் போய் உட்காரும். அமெரிக்கத் தொழிலதிபர் ஈபன் பயர்ஸ் 'ரேடிதார்' என்ற ரேடியம் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்து, தாடை எலும்பு சிதைந்து 1932-இல் செத்தார். மேரி கியூரிக்கு ரேடியத் தாது கிடைத்த ஊர் செக் நாட்டின் யாஹிமொவ். அங்கே ரேடான் குளியல் இன்றும் உண்டு. அதுவும் மருத்துவர் சீட்டோடு, நிமிடக் கணக்கோடு. வீட்டில் சும்மா நிறைத்து வைத்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. புகைபிடித்தலுக்கு அடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ரேடான்தான் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது.

கிளம்பும்போது அக்கா கைப்பையிலிருந்து துணி முடிச்சு ஒன்றை எடுத்தார். உள்ளே 'வெந்நீர் ஊற்றுக் கல்', குளியல் வாளியில் போடுவதற்கு. மீட்டர் இந்த முறை நிறுத்தாமல் அடித்தது. இந்த மாதிரிச் சரக்கில் பெரும்பாலும் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமத்தின் தூள்தான் இருக்கும். அதிலிருந்தும் ரேடான் வாயு கசியும். ஒரு மாதமாகத் தலையணைக்கடியில் வைத்திருந்தாராம், ஏர்கான் போட்டு ஜன்னல் சாத்திய அறையில்!

தயவுசெய்து கேளுங்கள். இப்படிப்பட்ட கல் உங்களிடம் இருந்தால் அதை உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், குடிதண்ணீரில் ஊறப்போடாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் போட்டு, ஆள் புழங்காத மூலையில் வைத்து, கையை நன்றாகக் கழுவுங்கள். குப்பையில் எறியாமல் தேசிய சுற்றுப்புற வாரியத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கதிரியக்கப் பொருளை வைத்திருக்க இங்கே சட்டம் உண்டு. மூட்டு வலித்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். செம்பவாங்கில் காலை நனைத்துக்கொண்டு உட்காருங்கள், முட்டை அவித்துச் சாப்பிடுங்கள், நானும் வருகிறேன். பாட்டிலை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.