பல்லிக்கு மூளை முளைக்குமா?

"பல்லிக்கு வால் அறுந்தால் முளைக்கிறது, மூளை போனால்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கிண்டலாகக் கேட்டாரோ என்னவோ, ஓரளவு முளைக்கத்தான் செய்கிறது.

பள்ளிப் பாடத்தைச் சட்டென்று தாண்டிவிடுவோம். நம் மூளைப் புறணியில் (மூளையின் வெளிப்போர்வை) பெரும்பகுதிக்கு ஆறு அடுக்கு. பல்லி, பாம்பு, ஆமைக்கு மூன்றே. அதில் நடு அடுக்கில்தான் நியூரான்கள் எனும் நரம்பு உயிரணுக்களின் உடல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். மேலும் கீழும் பெரும்பாலும் இழைகள். பல்லிப் புறணியின் உட்பக்க ஓரம், இடங்களை நினைவில் வைக்க நமக்கு உதவுகிற ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதிக்கு உறவுக்காரப் பகுதி.

ஸ்பெயினின் வலென்சியாவில் கார்லோஸ் லோபெஸ் கார்சியாவின் குழு, போடார்சிஸ் ஹிஸ்பானிகா என்ற சுவர்ப் பல்லியை வைத்து இந்தப் பகுதியைத் துருவியது. 3-அசிட்டைல்பிரிடின் என்ற நஞ்சை ஊசி போட்டால் அங்குள்ள நியூரான்கள் பெருமளவு செத்துவிடும். சில வாரம் கழித்துப் பார்த்தால் அடுக்கு மறுபடி நிரம்பியிருக்கிறது.

எங்கிருந்து வந்தன? மூளைக்குள் திரவம் நிரம்பிய அறைகள் உண்டு. அறைச் சுவரில் உடலை வைத்துக்கொண்டு, மூளையின் மேற்பரப்பு வரை ஒரு நீண்ட இழையை நீட்டி நிற்பவை ஆரக் கிளியா உயிரணுக்கள். நமக்கும் கருவில் இருந்தவைதான். பிறந்த பிறகு பெரும்பாலும் வேறு வகை உயிரணுக்களாகிவிட்டன. பல்லிக்கு வளர்ந்த பிறகும் அப்படியே நிற்கின்றன. சுவரோரம் இந்த உயிரணு இரண்டாகப் பிளக்கும். பிறந்த குட்டி நியூரான், தென்னை ஏறுபவரைப் போல அந்த இழையைக் கட்டிப்பிடித்து நடு அடுக்குக்கு ஏறும். இதைப் பிடித்த விதமும் அழகு. பிளக்கும் உயிரணு புது டி.என்.ஏ. கட்டத் தைமிடின் என்ற மூலப்பொருளை உள்ளே இழுக்கும். அதில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைக் கோத்துக் கொடுத்துவிட்டால், அன்றைக்குப் பிறந்த உயிரணு பின்னாளில் எங்கே இருந்தாலும் அடையாளம் தெரியும். முதலில் அந்தக் குறி அறைச் சுவரோரம். சில வாரங்களில் நடு அடுக்கில்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: செத்த நியூரான்களின் குப்பையையும் இதே ஆரக் கிளியாதான் விழுங்குகிறது. பெற்றெடுப்பதும், ஏற வழிகொடுப்பதும், பெருக்கித் தள்ளுவதும் ஒரே வகை உயிரணு!

பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பக்கம் ஒதுக்குகிறோம். பல்லி மூளை ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்கிறோம். பக்கவாதத்தில் செத்த நியூரானை ஈடுகட்ட முடியாமல் திணறுகிற நமக்கு, அதைச் சாதாரணமாகச் செய்யும் பிராணியைவிட வேறு எதைப் படிப்பது?

ஆனால் மூளை முழுக்க இப்படி மீளும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொன்னது ஒரு பகுதியின் கதை. அதற்கும் பருவம் ஒத்துழைக்க வேண்டும். குளிரிலும் குறுகிய பகலிலும் வைத்த பல்லிகளில் புது உயிரணுக்கள் பிறந்தாலும் மேலே ஏறாமல் சுவரோரமே தங்கிவிடுகின்றன.