கூஸ்கோவில் இறங்குங்கள், முதல் ராத்திரி தங்காதீர்கள்

“ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கேனுங்க டாக்டர், ஒண்ணும் ஆனதில்லீங்க.” பெரு நாட்டுக்குப் போகிறோம் என்று கோவையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம், அந்த மலை உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பேச்செடுத்தால், பாதிப் பேர் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் பொது மருத்துவன். சளி, சர்க்கரை, பிரஷர்தான் அன்றாடப் பிழைப்பு. ஆனால் சில வருடங்களாகப் பெரு கேஸ்களும் வருகின்றன. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அப்பா அம்மா ஆறு மாதம் தங்கப் போகிறார்கள், “வந்ததே வந்தீங்க, மச்சு பிச்சுவும் பாத்துட்டுப் போங்க” என்று பிள்ளைகள் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். மச்சு பிச்சு என்பது பெருவின் மலைமேல் இருக்கும் பழைய இன்கா நகரம். பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களிடம் பெரு தனி விசா கேட்பதில்லை. நுழையும் நாளில் அந்த விசாவுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். கிளம்புமுன் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. விசாவே சுலபமாக முடிந்துவிடுவதால் மற்றதும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரி, ஊட்டிக்கு வருவோம். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். மச்சு பிச்சுவுக்குப் போக விமானத்தில் போய் இறங்கும் கூஸ்கோ நகரம் 3,399 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சியில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே இன்னும் முக்கால் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு ஊரையும் விமான நிலையத்தையும் கற்பனை செய்து பாருங்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிறோம். கூஸ்கோவுக்கோ கடலோர லிமாவில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடுவார்கள். உடம்புக்கு அவகாசமே இல்லை.

இதில் வேடிக்கை, எல்லோரும் பயப்படுவது மச்சு பிச்சுவைப் பார்த்துத்தான். மலை உச்சி, மேகம், படிக்கட்டு என்று போட்டோவில் பார்த்த பயம். மச்சு பிச்சுவின் உயரம் 2,430 மீட்டர்தான், ஊட்டியைவிடக் கொஞ்சம் கூட. முழங்கால் வலிக்கலாம், மூச்சு அவ்வளவாகப் படுத்தாது. படுத்துவது கூஸ்கோதான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வயது 66, பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர், பயணத் திட்டத்தை அழகாக பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முதல் நாள் காலை கூஸ்கோவில் இறங்கி மதியமே நகர் உலா. இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு வேன் ஏறி வானவில் மலை. மூன்றாம் நாள் மச்சு பிச்சு. நான் பென்சிலை எடுத்து வானவில் மலையைச் சுற்றி வட்டம் போட்டேன். வினிகுங்கா என்கிற அந்த மலை 5,000 மீட்டருக்கு மேல். எவரெஸ்ட் அடிவார முகாமே 5,364 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து வந்த மறுநாள் அங்கே ஏறுவதாக ஒரு 66 வயதுக்காரர் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறார்!

மலையேற்ற மருத்துவத்தில் ஒரு கணக்கு உண்டு. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தூங்கும் இடம் என்பதைக் கவனியுங்கள். பகலில் கொஞ்சம் மேலே போய்விட்டு வரலாம், ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். அதனால் பயணத்தின் வரிசையை மாற்றினேன். கூஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் அங்கேயே காரில் ஏறி நேராகப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுவது. அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள உருபம்பா ஊர் 2,870 மீட்டர், அதற்கும் கீழே ஒயாந்தாய்தாம்போ 2,792 மீட்டர். இரண்டு மணி நேரப் பயணம். வழியில் சின்சேரோ பக்கம் ரோடு 3,700 மீட்டரைத் தாண்டி ஏறித்தான் இறங்கும். அங்கே நிறுத்திக் கடைகடையாக ஏறி இறங்க வேண்டாம். பள்ளத்தாக்கில் இரண்டு ராத்திரி. பிறகு அங்கிருந்தே ரயிலில் மச்சு பிச்சு அடிவாரத்துக்கு. ஆகுவாஸ் காலியெந்தெஸ் என்கிற அந்த ஊர் வெறும் 2,040 மீட்டர். கடைசியாகக் கூஸ்கோ. அதற்குள் உடம்பு பாதி பழகியிருக்கும்.

இந்த ஒரு மாற்றத்துக்கு மாத்திரைச் செலவுகூட இல்லை. ஆனாலும் டிராவல் ஏஜெண்டுகள் தாங்களாக இப்படிப் போட்டுக் கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் நாள் வரும் தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கம் கெடுவது, இதையெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் ‘சொரோச்சே’ என்கிறார்கள். உயரத்துக்குப் போன சில மணி நேரத்தில் ஆரம்பித்து, அதற்கு மேல் ஏறாமல் இருந்தால் ஓரிரு நாளில் அடங்கும். தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கு வராது, தாத்தாவுக்குத்தான் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் வயதானவர்கள் மெல்ல நடக்கிறார்கள், இளைஞர்கள்தான் முதல் நாளே படியேறி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் மதியம் பன்னிரண்டரைக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. கூஸ்கோவில் அப்போது ராத்திரி இரண்டு மணி. “டாக்டர், இவருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுங்க, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.” கூடவே ஆக்சிமீட்டர் போட்டோ. 86 காட்டியது. உடனே கூப்பிட்டேன். அவரை எழுப்பிப் பேசச் சொன்னேன், தெளிவாகப் பேசினார். இருமல் இல்லை. உட்கார்ந்திருக்கும்போது மூச்சிரைப்பும் இல்லை. ஹோட்டல் தரையின் டைல்ஸ் கோட்டில் குதிகாலும் கால்விரலும் ஒட்ட வைத்துப் பத்து அடி நடக்கச் சொன்னேன்; தள்ளாடாமல் நடந்துவிட்டு, “இது என்னங்க டாக்டர், போலீஸ் குடிகாரனுக்கு வைக்கிற டெஸ்ட் மாதிரி இருக்கு” என்றார். பாதி பயம் அதிலேயே போய்விட்டது. உயரத்தில் தூங்கும்போது சில விநாடி மூச்சு நிற்பதும், பிறகு வேகமாக இழுப்பதும் பலருக்கும் நடப்பதுதான். பக்கத்தில் படுத்திருப்பவர்தான் பயந்துபோகிறார்.

ஆக்சிமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று சொன்னதே நாங்கள்தான். அந்தக் கணக்கு கூஸ்கோவுக்குச் செல்லாது. அங்கே போய் இறங்கும் ஆரோக்கியமான ஆளுக்கே 90ஐ ஒட்டி முன்னே பின்னே காட்டும். குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் கூடிக்கொண்டே போகிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், அல்லது மூளை வீங்கியிருக்கலாம். அப்போது “காலைல பாத்துக்கலாம்” என்று படுக்கக் கூடாது. ஆக்சிஜன் வைக்க வேண்டும், உடனே கீழே இறங்க வேண்டும். அங்கே ஆம்புலன்ஸுக்கு 106. இன்சூரன்ஸ் பத்திரத்தில் எத்தனை மீட்டர் உயரம் வரை காப்பீடு என்று ஒரு வரி இருக்கும், அதையும் ஊரிலேயே படித்துவிடுங்கள்.

மாத்திரை வேண்டாமா என்றால், சிலருக்கு வேண்டும். அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்று கேட்பார்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று ராத்திரி ஒன்று. இங்கே 250 மாத்திரைதான் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் பாதியாக உடைத்துக்கொள்வது. ஏறுவதற்கு முந்தின நாள் ஆரம்பித்து, மேலே போன பிறகு இரண்டு நாள். விரல் நுனி மரத்து எறும்பு ஊர்வது போலிருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். சல்ஃபா மருந்துகளுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறோ கல்லோ இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கக் கூடாது. கூஸ்கோ மருந்துக்கடைகளில் சொரோச்சேவுக்கென்றே விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்பிரினும் காபீனும்தான். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அதுவே வினையாகும். முதல் ராத்திரி மதுவும் தூக்க மாத்திரையும் யாருக்குமே வேண்டாம்.

ஹோட்டலில் நுழைந்ததும் கோக்கா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படி சரி, நம் ஊரில் விருந்தாளிக்குக் காபி கொடுப்பது போல. சூடாகக் குடித்தால் இதமாக இருக்கும், ஆனால் உயர நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. குடித்தவர்களின் சிறுநீர்ப் பரிசோதனையில் கொகெயின் என்று வரும். கப்பல் வேலையில் இருப்பவர்கள், கம்பெனியில் போதைப்பொருள் சோதனை உள்ளவர்கள் ஒரு கப்கூடத் தொடாமலிருப்பது நல்லது. முக்கியமாக, நினைவுப் பொருளாக அந்த டீ பாக்கெட்டை ஊருக்கு எடுத்து வராதீர்கள். கோக்கா இலை இந்தியாவில் 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அமெரிக்காவுக்குள்ளும் கொண்டுபோக முடியாது.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. “கூஸ்கோ குளிர்ல கொசுவே இல்லையாமே, எதுக்குங்க ஊசி?” என்று கேட்கிறார்கள். மருத்துவப்படி கேள்வி நியாயமானது. லிமா, கூஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் போகிறவருக்கு நோய் அபாயம் பெரிதாக இல்லை. ஆனால் இந்திய விமான நிலையத்தில் சுகாதார அதிகாரி பார்ப்பது எந்த ஊர் என்று இல்லை, எந்த நாடு என்று. பெரு அவர்கள் பட்டியலில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கும்போது ஊசிச் சான்றிதழ் இல்லை என்றால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். பெரு பார்த்துவிட்டு அமெரிக்காவுக்கே திரும்பி மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அமேசான் பக்கம், இக்கிதோஸ், புவெர்தோ மால்தொனாதோ என்று போவதாக இருந்தால் அது வேறு கணக்கு. அங்கே உங்கள் உயிருக்காகவே ஊசி வேண்டும்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போல அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போடுவார்கள், அங்கேயும் நாள் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் மருந்து. முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். 60 தாண்டி முதல் தடவை போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தீவிரப் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். தலைமையாசிரியரிடம் காட்டுக்குப் போகிறீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார். அமெரிக்கா திரும்பி நான்கு மாதம் இருக்கப் போகிறவர் என்பதால் ஊசியே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

சாப்பாட்டுக்கு ஒரே ஒரு குறிப்பு. சைவம் என்றால் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் கணக்கில் கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. கோழித் துண்டு மிதக்கும் சூப் வரும். ‘சின் போயோ, சின் பெஸ்காதோ’ என்று கோழியையும் மீனையும் தனித்தனியாக விலக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். குட்டி குக்கரும் பொன்னி அரிசியும் எடுத்துப்போன ஒரு அம்மா, சாதம் நறுக்கரிசியாகவே நிற்கிறது என்று கூஸ்கோவிலிருந்து புகார் செய்தார். அந்த உயரத்தில் தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசிக்கு அந்தச் சூடு போதாது. அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.

தலைமையாசிரியர் போய்விட்டு வந்தார். வரிசை மாற்றியபடியே எல்லாம் நடந்ததாம், கூஸ்கோவில் முதல் நாள் மட்டும் லேசான தலைவலி. வானவில் மலைக்கு அவர் போகவில்லை, மாரத்தான் ஓடும் மகன் மட்டும் போனாராம். “பாதி வழியில வாந்திங்க டாக்டர். குதிரையில ஏத்தித்தான் இறக்கிவிட்டாங்க. நான் பிளாசாவுல பெஞ்சுல உக்காந்து அவிச்ச சோளம் தின்னுட்டு இருந்தேன்.”