ஒரே பெட்டியில் பன்னிரண்டு இலைகள்

போன வருடம் ஒரு தையல் குழுவினர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். உள்ளே 12 சின்னக் கலைக் குயில்ட்டுகள், அதாவது இரண்டு துணிகளுக்கு நடுவில் பஞ்சு வைத்துச் சேர்த்துத் தைத்த, சுவரில் மாட்டும் துணி ஓவியங்கள். ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு ஒரு அடி, ஒவ்வொருவர் கைவேலை. 'உதிர்ந்த இலைகள்' என்று எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு செய்தவை. கண்காட்சி முடிந்த பிறகு எட்டு மாதம் பெட்டி மூடியே கிடந்திருக்கிறது. இனி சுவரில் நிரந்தரமாக மாட்ட வேண்டும், வழி சொல்லுங்கள் என்றுதான் வந்தார்கள்.

துணிகளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். மேலே இருந்ததை எடுத்தேன். பூச்சி அரித்த இலை. அரித்த மாதிரியே தெரிய வேண்டும் என்று பட்டுத்துணியில் துளைகள் வெட்டி, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பழுப்பு நூலில் காஜா தையல் போட்டிருந்தார் அந்தப் பெண்மணி. அத்தனை நுணுக்கமான வேலை. ஒரு துளைக்கு மட்டும் ஓரத்தில் தையல் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இழைகள் பிசிறு பிசிறாகக் கடிபட்டிருந்தன. பக்கத்திலேயே முடி முளைத்த குறுணை போலப் பழுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பள வண்டின் புழு உரித்துப் போட்ட தோல்.

அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நான்காவது குயில்ட்டில் காட்டுத்தரை. அதன் நடுவில் நிஜமான ஒரு பறவை இறகு தைக்கப்பட்டிருந்தது. இறகில் பாதிதான் மிச்சம். இறகு, பட்டு, கம்பளி மூன்றுமே புரதம் என்பதால் இந்தப் புழுவுக்கு மூன்றும் ஒன்றுதான். இறகைத் தின்றது, பட்டு இலைக்குப் போனது, இன்னொருவர் உள்ளே வைத்திருந்த கம்பளிப் பஞ்சுக்கும் போயிருந்தது. வெறும் பருத்தியில் செய்தவை தப்பித்தன. ஆனால் பருத்திதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். வியர்வையோ உணவுக் கறையோ இருந்தால் பருத்தியையும் கடித்து வைக்கும். கஞ்சி போட்ட துணி என்றால் ராமபாணப் பூச்சி தேடி வரும்.

குழுவாகச் செய்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். எந்தக் கருப்பொருள் என்று பேசி முடிக்கும் அன்றைக்கே, யார் எதை வைத்துச் செய்யப்போகிறார்கள் என்பதையும் பேசிவிடுங்கள். ஒருவர் ஆசையாகச் சேர்த்த ஒரு பொருள், பெட்டிக்குள் மற்ற பதினொரு பேர் உழைப்பின் மேல் கை வைக்கும்.

இயற்கை என்று கருப்பொருள் வைத்தாலே கை தானாகக் காய்ந்த இலை, மரப்பட்டை, பூ என்று போகும். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் காய்ந்த இலை ஊசி இறங்கிய இடத்திலெல்லாம் விரிசல் விடும், கொஞ்ச நாளில் பொடியாக உதிரும், உலர்ந்த தாவரங்களைத் தின்னும் குட்டி வண்டுகளையும் வரவழைக்கும். இலையைத் துணியில் வைத்து ஓரம் வரைந்துகொள்ளுங்கள். துணிக்கான பெயிண்ட் தடவி அச்செடுங்கள். நரம்புகளை நூலில் கொண்டுவாருங்கள். பக்க நரம்புகள் நடு நரம்பில் எதிரெதிரே சேர்கின்றனவா, மாறி மாறிச் சேர்கின்றனவா என்பதெல்லாம் தைக்க உட்காரும்போதுதான் கண்ணில் படும்.

அடுத்தது சாயம். பெட்டியில் இரண்டு குயில்ட்டுகள் மஞ்சள் கிழங்குச் சாயத்தில் தோய்த்தவை. கண்காட்சியின்போது ஜன்னலோரம் மாட்டியிருந்தார்களாம். தங்க நிறத்தில் இருந்த இலை வெளிறிப்போய், பின்பக்கம் திருப்பினால்தான் பழைய நிறம் தெரிந்தது. மஞ்சள் கிழங்குச் சாயம் வெளிச்சத்துக்குத் தாங்கவே தாங்காது. அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் எவ்வளவோ மேல். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுத் துணியில் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். அப்புறம் முடிவெடுங்கள். மரப்பட்டை நிறத்துக்காக இரும்புத் துருவில் தோய்ப்பவர்களும் உண்டு. பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் இரும்பு நாளாக ஆகப் பருத்தி இழையை நொறுங்க வைக்கும். ஈரக்கசிவு இருந்தால் மேலே வைத்த அடுத்தவர் துணியிலும் கறை இறங்கும்.

குயில்ட் படுக்கையில் கிடந்த காலத்தில் பாதி நாள் மடித்து அலமாரி இருட்டில் இருக்கும். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குயில்ட்டுகளை ஓவியம் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. அவற்றைக் கலைப்பொருளாகப் பார்க்கப் பலரைப் பழக்கியது அந்தக் கண்காட்சி. சுவருக்கு வந்தால் கூடவே பகல் முழுக்க வெளிச்சமும் வருகிறது. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று வைத்திருப்பது வீட்டுக்கண்ணுக்கு மங்கலாகத்தான் தோன்றும். வீட்டில் அவ்வளவு முடியாது, சரி. நேர் வெயில் படாத சுவராகத் தேர்ந்தெடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை வேறொன்றை மாற்றி மாட்டினால் போதும். வெளிச்சத்தில் போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர என்னாலும் முடியாது.

புழுக்கள் சாக வேண்டும் என்று அந்தப் பன்னிரண்டில் பதினொன்றைத் தனித்தனி பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் போகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தோம். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கவில்லை. உடனே திறந்தால் குளிர்ந்த துணியில் ஈரம் படியும். அக்ரிலிக் பெயிண்ட் பூசியிருந்த ஒன்றை மட்டும் குளிரில் வைக்கவில்லை, பெயிண்டில் விரிசல் விழலாம். அதைத் தனியாகப் பிரித்துவைத்து வாரா வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறகு தைத்தவர் மிகவும் உடைந்துபோனார். மிச்சமிருந்த இறகை அவரே பிரித்தெடுத்து, அதே இடத்தில் சாம்பல் நிறப் பருத்தி நூலில் ஓர் இறகு தைத்துக் கொண்டுவந்தார். இப்போது ஒவ்வொரு குயில்ட்டின் பின்னாலும் ஒரு சின்னத் துணிச்சீட்டு இருக்கிறது: என்ன துணி, என்ன பஞ்சு, என்ன சாயம், எந்த வருடம். பட்டு இலையில் புழு கடித்த துளையை மூடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, அதைச் சுற்றியும் பழுப்பு நூலில் காஜா தையல் போட்டுவிட்டார் அந்தப் பெண்மணி.